அத்தையின் கைக்கு ஏற்றது எது?

“என் கையப் பாரும்மா. இந்தக் கைக்கு எது சரியா வரும்?” என்று அத்தை கேட்டபோது, வளையலைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ரிவால்வரை.

அத்தை கிள்ளானில் பிறந்து வளர்ந்தவர். திருமணமாகி மாமாவுடன் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகருக்குப் போய் 35 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இப்போது வயது 68. கடந்த ஆண்டு ஜூன் மாதம் மாமா தவறிவிட்டார். ஒரே மகன் சியாட்டிலில் வேலை செய்கிறான். ஹூஸ்டனிலிருந்து அங்கே போக விமானத்திலேயே நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்த நிலையில், அத்தையின் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டின் பின்கதவை உடைத்துத் திருடிவிட்டார்கள். அன்றிலிருந்து அத்தை இரவில் விளக்கை அணைப்பதே இல்லை. நவம்பரில் இரண்டு வாரம் லீவு எடுத்துக்கொண்டு துணைக்குப் போனேன்.

நம் தாமான்களில் பயம் வந்தால் கிரில்லுக்கு இன்னொரு பூட்டுப் போடுவோம். நாய் வளர்ப்போம். போலீஸ் உரிமம் இல்லாமல் ஒரு தோட்டாவைக்கூட வீட்டில் வைத்திருக்க முடியாது. அத்தை இருக்கும் டெக்சாஸ் வேறு உலகம். சட்டத் தடை இல்லாத, 21 வயது நிரம்பிய ஒருவர் தனி உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம் என்று 2021 செப்டம்பர் முதல் அங்கே சட்டம் இருக்கிறது. அத்தையோடு கோவிலுக்கு வரும் அம்மாக்களில் இரண்டு பேர் ஏற்கெனவே வைத்திருக்கிறார்களாம்.

கடைக்குப் போவதாக இருந்த நாளுக்கு முந்தின இரவு, அத்தை மகன் எனக்குப் போன் செய்தான்.

“அக்கா, அம்மா வீட்ல துப்பாக்கி வேணாம். எப்படியாவது பேசி நிறுத்துங்க.”

“ஏன்டா? தனியா இருக்காங்கல்ல?”

கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை. பிறகு சொன்னான்: “திருடன நெனச்சு எனக்குப் பயமில்லக்கா.”

அவன் சொல்ல வந்தது புரிந்தது. அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். துணையை இழந்து ஐந்தே மாதமான அம்மாவின் கையில் துப்பாக்கியா என்று ஒரு பிள்ளை கலங்காமல் இருப்பானா? ஆனால் அதை அத்தையிடம் எப்படிக் கேட்பது? வாயில் வராமலேயே மறுநாள் கடைக்குப் போய்விட்டேன்.

விற்பனையாளர் இளைஞர். அத்தையைப் பார்த்ததுமே ஊதா நிறப் பிடி போட்ட, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு ரிவால்வரை எடுத்து வைத்தார். அலுமினிய உடல், ஐந்து தோட்டா, எடை 400 கிராம்தான். பெண்கள் விரும்பி வாங்குவது இதுதான் என்றார். அத்தை விசையை இழுத்துப் பார்த்தார். விரல் மூட்டுவாதம் உள்ள கை. பாதியிலேயே நின்றுவிட்டது. அப்படியானால் பிஸ்டல் பாருங்கள் என்றார் அவர். அதில் முதல் தோட்டாவை ஏற்ற, மேல்பகுதியை இறுகப் பிடித்துப் பின்னால் இழுக்க வேண்டும். அத்தையால் அது அசையக்கூட இல்லை. முகம் வாடிவிட்டது.

அன்று எதையும் வாங்கவில்லை. கோவில் அம்மா ஒருவர் சொன்ன பயிற்சிக் கூடத்துக்கு மறுநாள் போனோம். அங்கே பலவிதத் துப்பாக்கிகளை வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்க்கலாம். என்னைப் போல் சுற்றுலா விசாவில் வந்தவர்கள், சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கியைக் கையில் வைத்திருக்கவே அந்நாட்டுச் சட்டம் தடை செய்கிறது. அதனால் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

பயிற்சி கொடுத்தவரும் அத்தை வயதுப் பெண்மணிதான். முதலில் அவர் அத்தையின் கையைப் பிடித்து, விரல்களை மடக்கிப் பார்த்தார். பிறகு விளக்கினார். தோட்டா ஒன்றேயானால், துப்பாக்கி எடை குறையக் குறைய கையில் உதைப்பது கூடும். குழல் குட்டையானால் குறி பார்ப்பதும் கடினம். கைப்பைக்கு வசதியான அந்தச் சின்னது, பழகிய கைகளுக்கே சிரமம் தரும். ரிவால்வரில் வேலை எளிது. விசையை இழுத்தால் போதும். ஆனால் அந்த விசைக்கே ஐந்து கிலோ அளவுக்கு விசை வேண்டியிருக்கும். கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்துவிட்டால் விசை இலேசாகும்தான். நடுங்கும் கையில் அதுவே ஆபத்து.

அவர் எடுத்துக் கொடுத்தது நாலு அங்குலக் குழலும் ரப்பர் பிடியும் கொண்ட எஃகு ரிவால்வர். எடை கிட்டத்தட்ட ஒரு கிலோ. பல வருடம் புழங்கியதால் விசை வழுவழுப்பாக இருந்ததாம். தோட்டா இல்லாமல், முனை ஆடாமல் தொடர்ந்து பத்து முறை இழுக்கச் சொன்னார். அத்தை ஏழாவது முறையில் நிறுத்திவிட்டார். கொஞ்சம் ஓய்வெடுத்துவிட்டு மீண்டும் செய்தார், பத்தும் வந்தது. பிறகு .38 ரகத்தில் உதை குறைந்த பயிற்சித் தோட்டாக்களைப் போட்டுச் சுட்டார். ஆறில் நாலு தாளில் பட்டது. காதுக் கவசத்தைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். மாமா போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் காரில் கேட்டுவிட்டேன். “அத்தை, அது உங்களுக்கே ஆபத்தா போயிடுமோன்னு பயமா இருக்கு.”

“தம்பி கேக்கச் சொன்னானா?”

“அவனும் பயப்படறான். நானும்தான்.”

அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “மொத ரெண்டு மாசத்துல கேட்டிருந்தா, இல்லன்னு சொல்லியிருக்க மாட்டேன். இப்ப பரவாயில்ல. ஆனா விடியக்கால மூணு மணிக்கு முழிப்பு வந்தா இன்னும் ஒரு மாதிரி இருக்கும்மா. யாரும் கேக்கல. நானும் சொல்லல.”

வீட்டுக்கு வந்ததும் அவரே மகனுக்குப் போன் செய்தார். தலைத்திவசம் முடியும்வரை வாங்குவதில்லை என்று முடிவானது. அதற்குள் பின்கதவுக்குத் தடித்த சட்டமும் நீளமான திருகாணிகளும் போட்டோம். வாசலில் கேமரா வைத்தோம். எதிர்வீட்டாரிடம் ஒரு சாவி கொடுத்தோம். அடுத்த வாரமே டாக்டரிடம் அந்த மூணு மணி விழிப்பைச் சொன்னார். மகன் தினமும் இரவு பத்து மணிக்குப் பேசுகிறான்.

இந்த ஜூனில் திவசத்துக்கு மகன் வந்திருந்தான். அது முடிந்ததும் அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து போய் அந்த நாலு அங்குல ரிவால்வரையே வாங்கினார்கள். கூடவே விரல் பட்டால் திறக்கும் ஓர் இரும்புப் பெட்டியும். பேரப்பிள்ளைகள் வரும் வீடு. பிள்ளைகள் கைக்கு எட்டும்படி துப்பாக்கியை வைப்பது டெக்சாஸிலும் குற்றம்தான். மாதம் இரண்டு முறை அத்தை பயிற்சிக்குப் போகிறார். விளக்கை அணைத்துவிட்டுத்தான் தூங்குகிறாராம். அது ரிவால்வர் வருவதற்கு முன்பே, சித்திரை மாதத்திலேயே தொடங்கிவிட்டதாம்.

நம் வீடுகளிலும் தனியாக இருக்கும் பெரியவர்கள் பயமாக இருக்கிறது என்று சொன்னால், உடனே கிரில், கேமரா என்று விலை விசாரிக்கிறோம். அதுவும் வேண்டும்தான். அதோடு, “ராத்திரியில முழிப்பு வந்தா எப்படி இருக்கு?” என்றும் கேட்டுப் பாருங்கள். நான் அதைக் கேட்க ஹூஸ்டன் வரை போக வேண்டியிருந்தது.