பொற்கருடனும் சிலாகாரரும்: ஒரு முத்திரை சொல்லும் கதை

மகாசிவராத்திரியன்று மாதுங்காவிலிருந்தும் தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் ரயிலேறி அம்பர்நாத் செல்லும் தமிழர், வால்துனி ஆற்றங்கரைக் கருங்கற் கோயிலின் சிற்பங்களை வியந்து, படியிறங்கிக் கருவறையில் வணங்கித் திரும்புவர். வடக்கு வாயிலின் மேலுள்ள கல்வெட்டை நிமிர்ந்து பார்ப்போர் மிகச் சிலரே. சக ஆண்டு 982, அதாவது கி.பி. 1060, தெற்கே இரண்டாம் இராசேந்திர சோழன் ஆண்ட காலம். கல்வெட்டுக்குரிய அரசன் வடகொங்கணத்தை ஆண்ட சிலாகார மரபின் மும்முனி. சிவனுக்கு இப்படியொரு கோயில் எடுத்த மரபினர் தம் செப்பேட்டு வளையத்தில் பதித்த முத்திரை நந்தி அன்று, கருடன். ‘சுவர்ண கருட த்வஜர்’, பொற்கருடக் கொடியோர் என்பது அவர்தம் பட்டங்களுள் ஒன்று.

சோழரின் செப்பேட்டு முத்திரையைப் படிப்பதில் சிக்கல் இல்லை. திருவாலங்காட்டுச் செப்பேட்டில் புலியின் அருகே பாண்டியனின் இரு கயல்களும் சேரனின் வில்லும் ஒரே குடைக்கீழ் வருகின்றன. யார் வென்றார், யார் பணிந்தார் என்பதை எழுத்தறியாதவரும் அறிந்துகொள்வர். சிலாகாரரின் கருடன் அவ்வளவு எளிதில் பிடிகொடுப்பதில்லை.

சிலாகாரர் தம்மை வித்தியாதரனான சீமூதவாகனனின் வழியினர் என்றனர். நாள்தோறும் கருடனுக்கு ஒரு நாகம் இரையாக வேண்டும் என்ற உடன்படிக்கை. சங்கசூடன் என்னும் நாகனின் முறை வந்தபோது அவன் தாய் அழுததைக் கண்டு, சீமூதவாகனன் தானே பலிப்பாறையில் ஏறிக் கிடந்தான். ஹர்ஷர் நாகானந்த நாடகமாக்கிய கதை இது. அதன் களம் மலயமலை, தமிழ் மரபு பொதியில் என்று கொண்டாடும் மலை. பாறைமேல் உணவானவனின் குலம் என்பதால் ‘சிலா ஆகாரம்’, சிலாகாரம். ஆக, முன்னோனின் சதையைக் கொத்திய பறவையையே ஒரு குலம் தன் கொடியில் ஏற்றிவைத்தது. சின்னங்களின் வரலாற்றில் இதற்கு இணை தேடுவது கடினம்.

கதை அழகானது, அதனாலேயே ஐயம் எழுகிறது. இம்மரபின் பெயர் கல்வெட்டுகளில் சிலாரர், சியலாரர், செலாரர் என்றெல்லாம் வருகிறது. முதலில் பெயர் இருந்தது, பின்னர் அதன் ஒலிக்கேற்ப வடமொழிக் கதை பொருத்தப்பட்டது என்று கொள்வதே பொருத்தம். ஜெர்மனியின் பெர்லினுக்கும் இதுவே நேர்ந்தது. அப்பெயர் சதுப்பு நிலத்தைக் குறிக்கும் ஸ்லாவியச் சொல்லடியாகப் பிறந்தது என்பது பெரும்பான்மை அறிஞர் கருத்து. ஜெர்மானியர் காதில் அது ‘பேர்’ என்று, கரடியாக ஒலித்தது. 1280ஆம் ஆண்டு முத்திரையிலேயே கரடிகள் வந்து நின்றுவிட்டன. ஊர்களுக்குத் தலபுராணம் பாடிய நம்மவர்க்கு இந்த வித்தை புதிதன்று.

ஆனால் கருடன் எங்கிருந்து வந்தது? சிலாகாரர் நெடுங்காலம் இராட்டிரகூடரின் சிற்றரசர். இராட்டிரகூடரின் முத்திரையிலும் அமர்ந்திருப்பது கருடன்தான். மேலரசின் பறவையைச் சிற்றரசு வாங்கிக்கொண்டது, பின்னர் அதைச் சொந்தமாக்கக் குலக்கதை துணைநின்றது என்று வாசிப்பதே இயல்பாகத் தோன்றுகிறது. 973இல் சாளுக்கியத் தைலபன் இராட்டிரகூடரை வீழ்த்தினான். நயமறிந்த சிற்றரசன் மறுநாளே புதிய தலைவனின் பெயரை எழுதத் தொடங்கியிருப்பான். சிலாகார அபராசிதனோ, கால் நூற்றாண்டு கழித்து, 997இல், அம்பர்நாத்துக்கு வடக்கே பிவண்டிப் பக்கத்துப் பாதானைக் கொடையளித்த செப்பேட்டில், மறைந்துபோன இராட்டிரகூடரின் வமிசாவளியை வரிசையாக எழுதுவித்து, அவர்தம் வீழ்ச்சியையும் சொல்லவைத்தான். வாழ்த்துவதற்கு ஆளில்லாத அரசுக்கு அப்படியொரு வாழ்த்து. அந்த ஏட்டோடு சேர்த்துப் பார்க்கும்போது கருட முத்திரை குலப்பெருமையை மட்டும் பேசவில்லை, இல்லாத அரசனுக்குச் செலுத்திய விசுவாசத்தையும் பேசுகிறது. பிராங்க்பர்ட் நகரின் சிவப்புக் கேடயத்தில் பொன்முடி தரித்த வெண்கழுகு இன்றும் நிற்கிறது. அக்கழுகைத் தந்த புனித ரோமப் பேரரசு 1806இலேயே கலைந்துவிட்டது. கழுகு எந்தப் பேரரசுக்கு உரியது என்று அந்நகரத்தார் எத்தனை பேர் இன்று நினைப்பார்களோ!

கையில் இல்லாததைப் பெயரில் வைத்துக்கொள்வது சிலாகாரர்க்குப் பழக்கம்தான். ‘தகரபுர பரமேசுவரர்’ என்பது அவர்தம் மற்றொரு பட்டம். தகரம் கொங்கணத்தில் இல்லை; மேற்குமலைக்கு அப்பால், இன்றைய தாராசிவ மாவட்டத்தில் தேர் என்ற பெயரில் இருக்கிறது. தெலுங்குச் சோடர் கடப்பைப் பக்கத்திலும் நெல்லூரிலும் இருந்துகொண்டு ‘உறையூர்ப் புரவராதீசுவரர்’ என்று எழுதிக்கொண்டதை நினைத்துக்கொள்ளலாம். விட்டுவந்த ஊர் பட்டத்தில் மட்டும் கூடவே வருகிறது. தாராவிக்காரர்கள் தம் ஊர்ப்பெயரை முதலெழுத்தாகச் சுமப்பதைப் பார்த்தவர்க்கு இது விளங்காமற் போகாது.

வடகொங்கணச் சிலாகாரரின் கடைசி மன்னன் சோமேசுவரன். தேவகிரி யாதவன் மகாதேவன் 13ஆம் நூற்றாண்டின் இடையில் அவனைக் கடலில் துரத்தினான். மகாதேவனின் சினத்தீயைவிடக் கடலே மேல் என்று அவன் மூழ்கிப்போனதாக யாதவர் பக்கத்துப் புகழுரை ஏளனம் செய்கிறது. துவாரகையை ஆளாமலே ‘துவாராவதிப் புரவராதீசுவரர்’ என்றழைத்துக்கொண்ட அந்த யாதவரின் பட்டங்களிலும் ‘சுவர்ண கருட த்வஜ’ உண்டு. துரத்திய கப்பல்களுக்கும் ஓடிய கப்பல்களுக்கும் கொடி பொற்கருடனே.