யமுனைக்கு அக்கரையில் ஒரு சொந்த வீடு

மத்திய அரசு வேலைக்காக டெல்லி வந்து, பணிக்காலமெல்லாம் அரசுக் குடியிருப்புகளில் கழித்த தமிழர் பலர், ஓய்வு நெருங்கும்போது யமுனையின் கிழக்கே மயூர் விஹாரில் வீடு தேடினர். அங்குள்ள அடுக்ககங்களில் கணிசமானவை கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களுடையவை. அதாவது, உறுப்பினர்கள் தவணையாகப் பணம் கட்ட, டெல்லி வளர்ச்சி ஆணையம் குத்தகைக்குத் தந்த நிலத்தில் சங்கமே கட்டிக்கொடுத்தவை.

நிலம் குத்தகையில் இருந்ததால் விற்பதற்கு அனுமதியும் கட்டணமும் வேண்டியிருந்தன. இதைத் தவிர்க்க, கிரயப் பத்திரத்துக்குப் பதிலாகப் பவர் பத்திரம், விற்பனை ஒப்பந்தம், பணம் பெற்ற ரசீது, உயில் நான்கையும் ஒரே கட்டாகக் கைமாற்றும் வழக்கம் டெல்லி முழுவதும் வேரூன்றியது. பவர் கொடுத்தவர் இறந்தால் அதன் வலு பொதுவாக அற்றுவிடும் என்ற அச்சத்தில், வாங்குபவர் பெயருக்கு விற்பவர் உயிலும் எழுதித் தந்தார். உறவே இல்லாத ஒருவருக்கு எழுதப்பட்ட அந்த உயில், வாங்கியவரின் கலக்கத்தை உள்ளபடி காட்டும் தாள். சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011இல், இவ்வகைக் கைமாற்றம் உரிமையைத் தராது, பதிவுசெய்த கிரயப் பத்திரமே தரும் என்று தெளிவுபடுத்தியது. வாழ்நாள் சேமிப்பைக் கொட்டிய நடுத்தரக் குடும்பங்களுக்கு இது மிகத் தாமதமாக வந்த தெளிவு.

ஆயினும் அக்குடும்பங்கள் அங்கேயே வேர்விட்டன; உத்தர குருவாயூரப்பன் கோயிலும், மூட்டையாக வந்திறங்கும் இட்லி அரிசியும் அப்பகுதியைத் தென்னாட்டுத் தெருவாக்கின.