பின் சீட்டிலிருந்து லே வரை

ஜூன் பிறந்துவிட்டால் மணாலி கடைவீதியில் காலை ஆறு மணிக்கே புல்லட்டுகள் உறுமத் தொடங்கிவிடும். எல்லாம் லே போகிற வண்டிகள். கல்லூரி முடித்த பையன்கள் பத்துப் பேராகச் சேர்ந்து கிளம்புவார்கள். தாடி வைத்த வெளிநாட்டுக்காரர்கள் தனியாகக் கிளம்புவார்கள். இந்தக் கூட்டத்தில் யாரும் அதிகம் கவனிக்காத ஒரு ரகம் உண்டு: கணவன், மனைவி, ஒரு வண்டி. முன்னால் அவர், பின்னால் அவர் மனைவி, இருபுறமும் பை, பையின் மேல் பெட்ரோல் கேன், கேனின் மேல் காயப்போட்ட சாக்ஸ். நாங்கள் அந்த ரகம்.

எங்கள் வீடு டெல்லி கரோல் பாக்கில். தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் பேட்டை. ஒரு தெருவில் இட்லி மாவு வாங்கலாம், நாலு தெரு தள்ளிப் போனால் புல்லட்டுக்கு கிளட்ச் கேபிள் வாங்கலாம், வாடகைக்கு வண்டியே எடுக்கலாம். 1950களில் எல்லைக் காவலுக்காக ராணுவம் வாங்கியதால் இந்தியாவில் காலூன்றிய வண்டி இது. 1955இல் இதைத் தயாரிக்கவென்றே சென்னையில் கம்பெனி உருவானது. ‘நம்ம ஊர் வண்டி’ என்று கணவர் பெருமைப்படுவார். அவருக்கு வங்கியில் வேலை, எனக்குப் பள்ளிக்கூடத்தில். கோடை விடுமுறைதோறும் ராஜஸ்தான், கார்வால், கின்னௌர் என்று சுற்றிவிட்டு, 2022 ஜூன் கடைசியில் லே பக்கம் வண்டியைத் திருப்பினோம்.

வண்டியில் வேலைப் பிரிவினை தெளிவானது. சாலை, கியர், பிரேக் அவருடையது. மீதி எல்லாம் என்னுடையது. பெட்ரோல் போட்ட இடம், ஓடிய கிலோமீட்டர், கொடுத்த பணம், விழுங்கிய மாத்திரை எல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் ஏறும். ஓட்டுகிறவருக்கு முன்னால் இருக்கும் இருபது அடி சாலைதான் கண்ணில் படும். பள்ளத்தாக்கில் எதிரே ஏறி வரும் லாரி, பின்னால் அவிழ்கிற கயிறு, மேற்கே கறுக்கிற வானம் இவற்றைப் பார்ப்பது பின் சீட்டுக்காரியின் பொறுப்பு. காற்றும் ஹெல்மெட்டும் சேர்ந்தால் பேச்சு கேட்காது. வலது தோளில் ஒரு தட்டு, மெதுவாக. இரண்டு தட்டு, நிறுத்து. எட்டு மணி நேரம் பேசாமலே போகும். வீட்டில் அப்படி இருந்தால் சண்டை என்று அர்த்தம். இங்கே அது வேலை நேரம்.

இத்தனை செய்தும் பின் சீட்டுக்குப் பெயர் கிடையாது. வழியில் ஒரு செக்போஸ்ட்டில் கணவரின் பெயரையும் வண்டி நம்பரையும் எழுதிக்கொண்ட காவலர், என்னைத் தலை தூக்கிப் பார்த்துவிட்டு, ‘உடன் ஒருவர்’ என்று எழுதி ரிஜிஸ்டரை மூடினார்.

முன்பெல்லாம் மணாலியை விட்டதும் 3,978 மீட்டர் உயர ரோஹ்தாங் கணவாயை ஏறித் தீர வேண்டும். 2020 அக்டோபர் 3 அன்று 9 கி.மீ. நீள அடல் சுரங்கம் திறந்த பிறகு அந்தக் கஷ்டம் இல்லை. லே போகும் தூரத்தில் 46 கி.மீ. மிச்சம். இந்தப் பக்கம் பைன் காட்டில் நுழைந்து, கால் மணி நேரத்தில் லாஹௌலின் வறண்ட மலைகளுக்கு நடுவே வெளியே வருகிறோம். தாண்டி என்ற இடத்தில் சந்திரா நதியும் பாகா நதியும் கலக்கின்றன. அதுதான் பிறகு செனாப் ஆகிறது. சங்கமத்தை விட அங்கே இருக்கும் பெட்ரோல் பம்ப் பிரபலம். அடுத்த பம்ப் 365 கி.மீ. தொலைவில் என்ற பலகையின் கீழ் நின்று படம் எடுத்துக்கொள்ளாத பயணி குறைவு. எங்கள் டேங்க் கொள்ளளவு 13 லிட்டர். மலையேற்றத்தில் இரண்டு பேர், சாமான்களோடு லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்று நோட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டு, ஐந்து லிட்டர் கேன்கள் இரண்டை நிரப்பிக்கொண்டோம்.

ஜிஸ்பாவில் இரண்டு இரவு தங்கினோம். 3,200 மீட்டர் உயரம், பக்கத்திலேயே பாகா நதி. உடம்பு உயரத்துக்குப் பழக வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் போனால், ஓர் இரவு தூங்கிய இடத்தை விட அடுத்த இரவு தூங்கும் இடம் 500 மீட்டருக்கு மேல் உயர்ந்திருக்கக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. இந்தச் சாலை அந்தக் கணக்கை மதிப்பதில்லை. ஜிஸ்பாவை விட்டால் வழக்கமான அடுத்த தங்கல் சர்ச்சு. அது 4,300 மீட்டர்.

மூன்றாம் நாள் விடிவதற்கு முன்பே கிளம்பினோம். காரணம், நாலாக்கள். பனி உருகி சாலைக்குக் குறுக்கே ஓடும் இந்த ஓடைகளில் காலையில் கணுக்கால் தண்ணீர் இருக்கும். வெயில் ஏற ஏற அதுவே முழங்கால் வரை வந்துவிடும். ஒவ்வொரு நாலாவிலும் நான் இறங்கிக் கல் கல்லாகத் தாண்டி அக்கரையில் நின்று, எந்தப் பக்கம் ஆழம் என்று கை காட்டுவேன். அவர் முதல் கியரில் வண்டியை விடுவார். சாக்ஸுக்கு மேல் பிளாஸ்டிக் பை கட்டியும் கால் மரத்துப்போகும். சுமார் 4,890 மீட்டர் உயர பாராலாச்சா கணவாயில் எஞ்சினும் எங்களைப் போலவே மூச்சு வாங்கியது.

இந்தச் சாலையில் பெண்களுக்கு மட்டும் உள்ள ஒரு கஷ்டத்தைப் பயணக் கட்டுரைகள் எழுதுவதில்லை. மரம் இல்லை, புதர் இல்லை. பாங்கைத் தாண்டி வரும் மோரே சமவெளியில் 40 கி.மீ. தூரத்துக்குத் தரை தட்டையாகக் கிடக்கிறது. மறைவு என்ற பேச்சே கிடையாது. தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடலாம் என்று தோன்றும். உயரத்திலோ தண்ணீர் குடித்தே ஆக வேண்டும். ஒரு பழைய போர்வையும், அதைப் பிடித்துக்கொண்டு முதுகைத் திருப்பி நிற்கும் கணவரும்தான் வழி. கல்யாணமான புதிதில் இது நினைத்துப் பார்க்கக்கூட முடியாத காரியம்.

சர்ச்சு சேரும்போது மதியம் ஒன்றரை. சாலையோரத்தில் கூடார தாபாக்கள் வரிசையாக நின்றன. ஒன்றில் நுழைந்து டீயும் ஆம்லெட்டும் சொன்னோம். அவர் ஆம்லெட்டைத் தொடவில்லை.

“என்னங்க, தலை வலிக்குதா?”

“ஒண்ணும் இல்லம்மா. சூடா டீ குடிச்சா சரியாயிடும்.”

டீ குடித்தார். வெளியே போய் வாந்தி எடுத்தார். எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் உண்டு. யாருக்கு முடியவில்லையோ அவர் சொல்வதுதான் முடிவு. மற்றவர் மறுபேச்சு பேசக் கூடாது. கின்னௌரில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது நான் சொன்னேன், அவர் அன்றே வண்டியைத் திருப்பினார். இப்போது முடியாதவர் அவர். அவர் சொல்வதோ, “போர்வை போத்திப் படுத்தா காலைல பாங் போயிடலாம்.” உயர நோயின் குணமே அதுதான். நோயாளியின் தீர்ப்பைத்தான் அது முதலில் கெடுக்கிறது.

தரையில் ஒரு நேர்க்கோடு கிழித்து, குதிகாலை விரலோடு ஒட்டி ஒட்டி நடக்கச் சொன்னேன். நாலாவது அடியில் தள்ளாடினார். தள்ளாட்டம் மூளை வரை பாதித்திருப்பதன் அறிகுறி. உடனே கீழே இறங்க வேண்டும். சர்ச்சுவின் சிக்கல், அது இரண்டு கணவாய்களுக்கு நடுவே கிடக்கிறது. முன்னால் போனால் 5,060 மீட்டர் லாச்சுங் லா. திரும்பினால் மறுபடி பாராலாச்சா. ஆனால் திரும்பினால் ஒரே ஒரு ஏற்றம்தான், பிறகு முழுக்க இறக்கம். வண்டிச் சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டேன். “பைத்தியமா? வண்டியை இங்கே விட்டுட்டா போறது?” என்று கத்தினார். பதில் சொல்லவில்லை.

தாபா நடத்தும் அம்மாளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒவ்வொரு சீசனிலும் பார்க்கிறவர். மணாலி பக்கம் திரும்பிக்கொண்டிருந்த டாக்ஸி ஒன்றை அவரே சாலையில் நின்று மறித்தார். அதில் ஆக்ஸிஜன் சிலிண்டர் இருந்தது. பாராலாச்சா தாண்டும் வரை அவர் மூக்கில் குழாய், என் மடியில் தலை. வழியில் தார் போடும் தொழிலாளர்கள் ஒதுங்கி நின்று வழி விட்டார்கள். 1960 முதல் எல்லைச் சாலைகள் நிறுவனம் போட்டு வரும் இந்தச் சாலைகளில் உழைக்கிறவர்களில் பலர் ஜார்க்கண்டின் தும்கா பக்கத்திலிருந்து வருகிறவர்கள். நாங்கள் ஓர் இரவு தாங்க முடியாத காற்றில் அவர்கள் சீசன் முழுக்க மண்வெட்டி பிடிக்கிறார்கள்.

இரவு எட்டு மணிக்குக் கேலாங் ஆஸ்பத்திரி. மறுநாள் காலை பசிக்கிறது என்றார். அதற்கும் மறுநாள் கடைத்தெருவில் என்னோடு நடந்தார். ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்திருந்தவள் நான். “நீ சொல்லு. உனக்கு பயமா இருந்தா வேண்டாம்” என்றார். பயம் இருந்தது. டாக்டரிடம் கேட்டேன். இன்னும் இரண்டு இரவு கேலாங்கில் கழித்து, மாத்திரையோடு போகலாம். சர்ச்சுவில் தூங்க வேண்டாம் என்றார். அப்படியே செய்தோம்.

விடியற்காலை கேலாங்–லே அரசு பஸ் பிடித்து சர்ச்சுவில் இறங்கினோம். தார்ப்பாய் போர்த்தி, கல் வைத்து, வண்டி நிறுத்திய இடத்திலேயே இருந்தது. கேன்களில் பெட்ரோல் குறையவில்லை. அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, அன்று அவசரத்தில் கொடுக்காமல் போன இரண்டு டீ, ஒரு ஆம்லெட்டுக்குக் காசு கேட்டு வாங்கிக்கொண்டார். வண்டியைப் பார்த்துக்கொண்டதற்கு எவ்வளவு என்று கேட்டதற்கு மட்டும் கோபித்துக்கொண்டார்.

அன்று கட்டா லூப்ஸின் 21 கொண்டை ஊசி வளைவுகள், லாச்சுங் லா, மோரே சமவெளி, 5,328 மீட்டர் டங்லாங் லா எல்லாம் எங்கும் அரை மணிக்கு மேல் நிற்காமல் கடந்தோம். ஒவ்வொரு கணவாயிலும் அவர் கோட்டில் நடந்து காட்டிவிட்டுத்தான் வண்டியைக் கிளப்பினார். நான் கேட்காமலே. இருட்டும் நேரத்தில் ரும்ட்ஸே கிராமத்தில் பார்லி வயல்களைப் பார்த்தபோது, பச்சை நிறத்தையே மறந்து போயிருந்தது தெரிந்தது. மறுநாள் உப்ஷியில் சிந்து நதியைத் தொட்டு, பகல் சாப்பாட்டுக்கு லே.

லேயில் மெக்கானிக், ஆயில் மாற்றி எத்தனை கி.மீ. ஆச்சு என்று கணவரைக் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். நோட்டைப் புரட்டி 1,020 என்றேன். அதற்குப் பிறகு மெக்கானிக் என்னிடமே பேசினார்: செயின் தளர்ந்திருக்கிறது, பின் பிரேக் பேட் மாற்ற வேண்டும்.

திரும்பும் வழியை நான் முடிவு செய்தேன். ஸ்ரீநகர் சாலை. அதன் மிக உயர்ந்த இடமான ஃபோட்டு லா 4,108 மீட்டர்தான். இரவு தங்கும் கார்கில் அதை விட வெகு கீழே. முதல் முறை லடாக் போகிறவர்கள், அதிலும் ஜோடியாகப் போகிறவர்கள், அந்த வழியாகவே ஏறுவது உத்தமம். உடம்பு மெல்லப் பழகும். வழியில் பெட்ரோலும் கிடைக்கும், மரங்களும் கிடைக்கும்.