ஜூன் வரை காத்திருப்பதா?

வருவதை முன்னரே அறிந்துகொள்ள வேண்டும் என்னும் அவா மனிதனோடு உடன்பிறந்தது. ஆயினும் முன்னறிதல் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. அடுத்த கிரகணம் எந்நாளில், எந்நேரத்தில் நிகழும் என்பதைக் கணிப்போர் பல ஆண்டுகளுக்கு முன்னரே பிசகின்றிக் கூறிவிடுகின்றனர். நாளை மழை பெய்யுமா என்று கேட்டால், வானிலை அறிந்தோர் “பெய்யக்கூடும்” என்று சற்றே தயங்கி விடையிறுக்கின்றனர். இவ்விரண்டிலும் ஓர் ஆறுதல் உண்டு. சந்திரனும் மேகமும் நம்மிடமிருந்து எதையும் ஒளிப்பதில்லை. மூன்றாவது வகையோ வேறானது. மனிதர் சிலர் கதவை அடைத்துக்கொண்டு ஒரு தீர்மானஞ் செய்கின்றனர். அதனை வெளியிடும் நாள்வரை மறைத்தும் வைக்கின்றனர். அத்தீர்மானம் யாது என்று வெளியில் நிற்பவர் ஊகிக்க முயல்கின்றனர். முன்னறிதலில் இதுவே மிகக் கடினமானது என்பது எமது எண்ணம்.

ஆண்டுதோறும் மே மாதம் பிறந்ததும் எமது உயர்தர வகுப்பு மாணவர் இவ்வகை வினா ஒன்றோடு எம்மை வந்து சூழ்ந்துகொள்கின்றனர். அமெரிக்காவின் அப்பிள் நிறுவனம் கலிபோர்னியாவில் நடத்தும் மென்பொருளாக்குநர் மாநாட்டிலே புதிய மடிக்கணினி வெளிவருமா, வராதா என்பதே அவ்வினா. ஆயிரம் டொலர் விலையுள்ள ஒரு பொருளைப் பற்றி எமது ஊர்ப் பிள்ளைகள் இத்துணை ஆவலுறுவது ஏன் என்று சிலர் நகைக்கலாம். நாம் நகைப்பதில்லை. நிகழ்தகவு என்னும் பாடத்தைக் கரும்பலகையில் நாணயஞ் சுண்டியும் தாயக்கட்டை உருட்டியும் கற்பிப்பதிலும், பிள்ளைகள் உள்ளபடியே அறிய விரும்பும் ஒன்றைக் கொண்டு கற்பிப்பது எளிதன்றோ?

முதற்கண் மாநாட்டின் இயல்பை அறிதல் வேண்டும். அது கணினி விற்கும் சந்தையன்று. அந்நிறுவனத்தின் கருவிகளில் இயங்கும் மென்பொருள்களை எழுதுவோர் கூடும் இடம் அது. அடுத்த ஆண்டு எம்முறையில் எழுதவேண்டும், எவை மாறப்போகின்றன என்பவற்றை அவர்களுக்குக் கூறுவதே அதன் நோக்கம். ஆகவே மடிக்கணினி அங்கே விருந்தாளியே அன்றி வீட்டுக்காரரல்லர்.

இனிக் கணக்கிற்கு வருவோம். 2005 ஆம் ஆண்டு தொடக்கம் 2025 ஆம் ஆண்டு வரை இருபத்தொரு மாநாடுகள் நடைபெற்றன. 2006 இல் மட்டும் ஓகஸ்ட் மாதத்திலும், ஏனைய ஆண்டுகளில் ஜூன் மாதத்திலும் அவை கூடின. இவற்றுள் மடிக்கணினி அறிவிக்கப்பட்டவை 2009, 2012, 2013, 2017, 2022, 2023 ஆகிய ஆறு ஆண்டுகளே. எஞ்சிய பதினைந்து ஆண்டுகளிலும் காத்திருந்தோர் வெறுங்கையுடன் திரும்பினர். பிற செய்தி எதனையும் அறியாத ஒருவர் இவ்வினாவுக்கு விடை கூறுவதாயின், நூற்றுக்கு ஏறத்தாழ இருபத்தொன்பது என்று தொடங்குதல் வேண்டும். வதந்தியிலிருந்து தொடங்காது வரலாற்றிலிருந்து தொடங்குவதே முறை. வதந்தி அந்த எண்ணைக் கூட்டலாம், குறைக்கலாம். அதனை அடியோடு அழித்துவிட அதற்கு உரிமையில்லை.

இங்கே நுண்ணறிவுள்ள மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், புதிது என்று எதைச் சொல்லுறீங்கள்?” என்று கேட்டான். மிக நல்ல கேள்வி. 2017 இல் வந்தவை பழைய உடலினுள் புதிய இன்டெல் சில்லுகளைப் பெற்றிருந்தன. 2012 இல் வந்த பதினைந்து அங்குல மாக்புக் புரோவோ மெலிந்த உடலும் மிகக் கூர்மையான திரையும் கொண்டு புதுவது புனையப்பட்டிருந்தது. உடலமைப்பும் புதிதாயிருத்தல் வேண்டும் என்று வரையறுப்பின், அவ்வாண்டினையும் 2022, 2023 ஆகியவற்றையும் சேர்த்து மூன்று ஆண்டுகளே தேறும். வினாவை வரையறுக்காமல் விடை கூறுபவர் என்றுமே தோற்பதில்லை; எது வந்தாலும் “நான் சொன்னேன் அல்லவா?” என்று கூறிக்கொள்ளலாம். ஆகவே வினாவைத் தாளில் எழுதி, பொருளையும் நாளையும் குறித்த பின்னரே ஊகிக்கத் தொடங்குகிறோம்.

விருந்தாளி வந்த ஆண்டுகளில் ஏன் வந்தார் என்பதையும் நோக்குதல் வேண்டும். 2012 ஆம் ஆண்டின் கூர்ந்த திரைக்கு ஏற்ப மென்பொருள்களின் படங்களையும் எழுத்துக்களையும் திருத்தியமைக்க வேண்டியிருந்தது; அச்செய்தியை மென்பொருளாக்குநருக்கு நேரே கூறுதல் பொருத்தமாயிற்று. 2022 இல் நிறுவனத்தின் சொந்தச் சில்லான எம் 2 முதன்முதலாக வெளிவந்தது. ஆனால் பெரிய மாற்றம் வரும்போதெல்லாம் கணினியும் உடன்வரும் என்று எண்ணிவிடலாகாது. 2005 ஜூன் மாதத்தில் ஸ்டீவ் ஜொப்ஸ் தமது கணினிகள் இன்டெல் சில்லுகளுக்கு மாறப்போகின்றன என்று அறிவித்தார். அவ்வகைக் கணினிகள் வெளியானது 2006 ஜனவரியில். 2020 ஜூன் மாதத்தில் இன்டெலை விட்டுச் சொந்தச் சில்லுகளுக்கு மாறுவதாக அறிவிக்கப்பட்டது; எம் 1 கணினிகள் வந்தது அவ்வாண்டு நவம்பரில். இரு முறையும் மென்பொருள் எழுதுவோருக்கு வழியை முன்னர்க் காட்டி, வண்டியைப் பின்னர் அனுப்பினர். அவர்கள் ஆயத்தமாவதற்குக் கால அவகாசம் வேண்டுமன்றோ?

அடுத்து, குறிகளை ஆராய்வோம். ரஷ்யா, கசகஸ்தான் முதலிய நாடுகளை உள்ளடக்கிய யூரேசியப் பொருளாதார ஒன்றியத்திலே, செய்திகளை மறைகுறியாக்கும் கருவிகளை விற்பதற்கு முன்னர் அவற்றைப் பதிவு செய்தல் வேண்டும். அப்பதிவேட்டில் அறியாத மாதிரி இலக்கம் ஒன்று தோன்றினால், புதிய பொருள் ஒன்று அணியமாகின்றது என்று ஊகிக்கலாம். கடைகளில் பழைய மாதிரி குறைந்து, விநியோகிக்கும் நாள் பின்தள்ளப்படுதல் மற்றொரு குறி. புளூம்பேர்க் செய்தியாளர் மார்க் குர்மன், ஆய்வாளர் மிங்-சி குவோ போன்றோர் முன்கூட்டியே வெளியிடும் செய்திகள் மூன்றாவது குறி. இவை யாவும் பயனுள்ளவையே. ஆயினும் இக்குறிகளுட் பல, பொருள் உண்டு என்பதற்கே சான்றாகின்றன. அது எந்நாளில் வெளிவரும் என்பதற்குச் சான்றாவதில்லை. கருவுற்ற செய்தி வேறு, பிறக்கும் நாள் வேறு.

இவ்விரண்டையும் மயங்கக் கொண்டதன் விளைவை 2021 ஆம் ஆண்டிலே கண்டோம். அவ்வாண்டு மாநாட்டிலே புதிய மாக்புக் புரோ வெளியாகும் என்று ஆய்வாளர் சிலரும் இரகசியம் வெளியிடுவோர் சிலரும் உறுதியாகக் கூறினர். அதன் சில்லுக்கு எம் 1 எக்ஸ் என்று பெயர்கூடச் சூட்டப்பட்டுவிட்டது. ஜூன் 7 ஆந் திகதி மாநாடு தொடங்கியது, மென்பொருள்களைப் பற்றிய உரை நிகழ்ந்து முடிந்தது, மடிக்கணினி வரவில்லை. ஒக்டோபர் 18 ஆந் திகதி அது மெய்யாகவே வந்தது. சில்லுகளின் பெயர் எம் 1 புரோ, எம் 1 மாக்ஸ் என்றிருந்தன. பொருளைப் பற்றிய செய்தி பெரும்பாலும் மெய். நாள் மட்டுமே பொய். ஆனால் வினா நாளைப் பற்றியதன்றோ?

ஊகத்தை அளப்பதற்கும் ஒரு முறை உண்டு. அமெரிக்க வானிலைத் துறையைச் சேர்ந்த கிளென் பிரையர் என்பவர் 1950 இல் அதனை வெளியிட்டார். வரும் என்பதற்கு நீர் கூறும் நிகழ்தகவை எழுதுக. வந்தால் ஒன்று, வராவிடில் பூச்சியம் என்று கொள்க. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வர்க்கிக்குக. பெறும் எண் எவ்வளவு சிறிதோ, ஊகம் அவ்வளவு சிறந்தது. 2024 மே மாதத்தில் எமது வகுப்பிலே ஒருவன் நூற்றுக்குத் தொண்ணூறு என்று எழுதினான். அவன் அருகிருந்தவன் இருபது என்று எழுதினான். ஜூன் 10 ஆந் திகதி மடிக்கணினி எதுவும் வரவில்லை. முதல்வன் பெற்றது 0.81, மற்றவன் பெற்றது 0.04. தொண்ணூறு எழுதியவனிடம் காரணம் வினவினோம். “வந்தால் நல்லது எண்டு நினைச்சன், சேர்,” என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆனால் அவன் கூறியது சிரித்துத் தள்ளிவிடும் விடையன்று. விருப்பத்தை எண்ணாக எழுதிவிட்டு அதனை ஊகம் என்று அழைப்பது பெரியவரிடத்திலும் காணப்படும் வழக்கமே.

இது வெறும் வகுப்பறை விளையாட்டு என்று எண்ணற்க. 2022 பெப்ரவரி மாதத்தில் தபாற் கந்தோரிற் பணிபுரியும் எமது அயலவர் ஒருவர் எம்மிடம் வந்தார். அவருடைய மகள் பல்கலைக்கழகத்திற் கணினித்துறை பயிலத் தெரிவாகியிருந்தாள். வகுப்புகள் இணையவழியே நடந்துகொண்டிருந்தன. பல ஆண்டுகளாகச் சேமித்த பணத்திலே மகளுக்கு ஒரு மாக்புக் எயார் வாங்க அவர் எண்ணினார். கனடாவிலுள்ள தாய்மாமனோ, ஜூன் மாதத்திற் புதியது வரப்போகின்றது, இப்போது வாங்குவது மடமை என்று தொலைபேசியிற் கூறிவிட்டார். மகளும் மாமன் பக்கமே நின்றாள். “மாஸ்ரர், இப்ப வாங்கிறதோ, ஜூன் மட்டும் பொறுக்கிறதோ?” என்று அயலவர் எம்மைக் கேட்டார்.

நாம் கூறியது இதுதான். புதியது ஜூன் மாநாட்டில் வருவதற்கு நூற்றுக்கு அறுபது வாய்ப்பு உண்டு எனலாம்; எம் 1 வெளியாகி ஓராண்டுக்கு மேலாயிற்று, செய்திகளும் அவ்வாறே கூறுகின்றன. ஆனால் உமது வினா அதுவன்று. நான்கு மாதங்கள் கணினி இல்லாதிருந்தால் பிள்ளை எதை இழப்பாள்? புதியது வந்தால், பழையதால் ஆகாத எந்த வேலை அவளுக்கு அதனால் ஆகும்? இவ்விரண்டுக்கும் விடை கண்டால், மாநாடு நடந்தாலென்ன, நடவாவிட்டாலென்ன? அயலவர் சிறிது நேரம் மௌனமாயிருந்தார். மறுவாரமே பழைய மாதிரியை வாங்கிவிட்டார். மகள் இரண்டு நாட்கள் முகங்கொடுத்துப் பேசவில்லை என்று பின்னர் அறிந்தோம்.

அதன் பின்னர் நிகழ்ந்தவற்றை இலங்கையிலுள்ள வாசகர் எவரும் மறந்திருக்க மாட்டார். மார்ச் மாதத்திலே ரூபாவின் மதிப்பு மிதக்கவிடப்பட்டது. அதுவரை டொலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 200 ரூபா என்றிருந்த உத்தியோகபூர்வ மதிப்பு, மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபாவாயிற்று. மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு நிலவியது. மின்னேற்றிய மடிக்கணினியின் வெளிச்சத்திலே அப்பிள்ளை வீட்டுத் திண்ணையிலிருந்து பாடக்குறிப்புகள் எழுதிக்கொண்டிருந்ததை நாம் வேலிக்கு இப்பாலிருந்து கண்டதுண்டு. ஜூன் 6 ஆந் திகதி மாமன் கூறியபடியே எம் 2 சில்லுடன் புதிய எயார் அறிவிக்கப்பட்டது. அதன் விலை 1199 டொலர்; பழையதன் விலை 999 டொலர். வரியையும் கடைக்காரர் இலாபத்தையும் நீக்கிப் பார்த்தாலும், பெப்ரவரியில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் ரூபாவான பழைய மாதிரி ஜூன் மாதத்தில் மூன்றரை இலட்சத்தைத் தாண்டியது. புதியதோ நான்கு இலட்சத்து முப்பதினாயிரத்தைத் தொட்டது. மாமனுடைய ஊகம் முற்றிலும் சரியாயிற்று. அவ்வூகத்தை நம்பிக் காத்திருந்தால், அவ்வீட்டுக்கு அக்கணினி எட்டாக் கனியாகியிருக்கும்.

அயலவர் ஒரு மாலை வந்து, “மாஸ்ரர், நீங்கள் சொன்னது பலிச்சுது,” என்று கையைப் பிடித்துக்கொண்டார். அப்புகழை நாம் ஏற்றுக்கொள்ளவில்லை. ரூபா அவ்வாறு வீழும் என்று நாம் கூறவில்லை. அது நிலையாக நின்றிருந்து, பிள்ளைக்கு மாமன் கூறிய புதியதே வாய்த்திருந்தாலும், பெப்ரவரியில் நாம் ஆராய்ந்த முறை அதனாற் பிழையாகிவிடாது. நல்ல விளைவு கண்டு தீர்மானத்தைப் புகழ்வதும், தீய விளைவு கண்டு இகழ்வதும் எளிது. தீர்மானஞ் செய்த நாளில் கையிலிருந்த செய்திகளைக் கொண்டு அதனை எடைபோடுதலே நேர்மை. இதனை அவருக்கு விளக்கிக் கூறினோம். அவர் தலையசைத்தார், ஆயினும் மறுநாள் ஒரு கதலிக் குலையை எமது வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

மாணவர்களே, அடுத்த மே மாதத்திலும் இவ்வினாவோடு வருவீர்கள். வருக. வினாவை வரையறுத்து எழுதுங்கள். இருபத்தொரு ஆண்டுகளின் கணக்கிலிருந்து தொடங்குங்கள். குறிகளை அவற்றின் நிறையறிந்து சேருங்கள். ஓர் எண்ணை எழுதித் தாளை மடித்து எம்மிடந் தாருங்கள். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை “ஜூன் வரை பொறுக்கலாமா?” என்று கேட்டால், புதியது வருமா என்பதை எம்மிடம் கேட்பதன் முன்னர், அது வரும்வரை பிள்ளை எதனைக் கொண்டு படிப்பாள் என்பதை வீட்டிலே கேட்டுப் பாருங்கள்.