கோபுரமில்லாப் படகு

பங்குக் குரு ஒருவர் படகு விளையாட்டைப் பற்றி எழுதுவானேன் என வாசக அன்பர்கள் வியக்கக்கூடும். காரணம் இதுதான். 2019ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், அமெரிக்க நாட்டின் மினசோட்டா மாநிலத்தில், ஒரு சிறு படகில் பின்னோக்கி அமர்ந்திருந்தபோது நாம் செய்த பிழையொன்று இன்றளவும் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

அந்நாட்டில் சில ஆண்டுகள் பணியாற்றும் வாய்ப்பு நமக்குக் கிட்டியிருந்தது. மிசிசிப்பி ஆறு ஓரிடத்தில் அகன்று பெப்பின் ஏரியாகிறது. நீளம் ஏறக்குறைய 22 மைல்; அகலம் 2 மைல். ஒரு கரை மினசோட்டா, மறு கரை விஸ்கான்சின். நீர்ச்சறுக்கு விளையாட்டு பிறந்தது இவ்வேரியில்தான் என்பதில் அக்கரையோர மக்களுக்கு அளவிலாப் பெருமிதம். 1922இல் ரால்ஃப் சாமுவெல்சன் என்னும் 18 வயது இளைஞர் முதலில் பீப்பாய்ப் பலகைகளையும், பின்னர்ப் பனிச்சறுக்குக் கட்டைகளையும் காலில் கட்டிப் பார்த்துத் தோற்றார். முடிவில் 8 அடி நீளமுள்ள பைன் பலகைகள் இரண்டை வாங்கி, அவற்றின் நுனிகளைத் தம் அன்னையின் செப்புக் கொப்பரையில் வேகவைத்து வளைத்து, அவற்றின் மேல் நின்று காட்டினார். அக்கொப்பரையில் அதன்பின் அன்னை என்ன சமைத்தாரோ, நாமறியோம்!

பிற்காலத்தில் இரு பலகைகளுக்கு மாறாக ஒரே அகன்ற பலகையில் இரு கால்களையும் பொருத்திப் பக்கவாட்டில் நின்று செல்லும் முறை வந்தது. அதற்கு வேக்போர்டு என்று பெயர். படகு கிழித்துச் செல்லும் நீரின் இருபுறமும் எழும் அலையை மேடையாகக் கொண்டு துள்ளுவதே இதன் இன்பம். 1990களின் பிற்பகுதியிலிருந்து, இதற்கெனச் செய்யப்படும் படகுகளில் ஓட்டுநரின் தலைக்கு மேலாக உலோகக் குழாய்களாலான வளைவொன்றை நிறுத்தி, அதன் உச்சியில் கயிற்றைப் பிணைக்கலாயினர். இதனை அவர்கள் கோபுரம் என்கின்றனர். கோவிலுக்குத்தான் கோபுரம் உண்டு என்றிருந்த நமக்கு அது புதுமையாயிருந்தது.

நம் பங்கைச் சேர்ந்த முதிய விவசாயி ஒருவரிடம் இருந்ததோ மீன்பிடிக்கும் அலுமினியப் படகு. நீளம் 16 அடி; பின்னால் 50 குதிரைத்திறன் கொண்ட என்ஜின். கோபுரம் ஏது? கோடை விடுமுறைக்கு வந்த பேரனும் பேத்தியும் தாத்தாவை விடுவதாயில்லை. இரும்புக் குழாயை வளைத்துத் தாமே ஒரு கோபுரம் பற்றவைத்துத் தருவதாக மருமகப் பிள்ளை முன்வந்தார். முதியவர் மறுத்துவிட்டார். அவர் கூறிய காரணம் நமக்கு மிகவும் பிடித்திருந்தது. இழுப்பு எவ்வளவு உயரத்தில் விழுகிறதோ, அவ்வளவுக்குப் படகைப் பக்கவாட்டில் சாய்க்கும் வலிமை அதற்குண்டு. கனத்த படகு அதைத் தாங்கும். மெல்லிய தகட்டாலான படகு தாங்காது. ஆணி பிடுங்கிக்கொண்டு குழாய் பெயர்ந்தால், அது முதலில் விழுவது உள்ளே இருப்பவர் தலைமேல்தான்.

ஆகவே அவர் எளிய வழியை நாடினார். படகின் பின்பலகையின் இரு ஓரங்களிலும் உறுதியான இரும்பு வளையங்கள் உண்டு. ஒரே வளையத்தில் கயிற்றைக் கட்டினால், பிள்ளை இழுக்கும் ஒவ்வொரு முறையும் படகின் பின்புறம் ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும். கடற்கரைச் சிற்றூரில் பிறந்த நமக்கு இது சொல்லாமலே விளங்கிற்று. இரு வளையங்களையும் கவைபோல் ஒரு குறுங்கயிற்றால் இணைத்து, அதன் நடுவில் பிள்ளை பற்றும் நெடுங்கயிற்றைக் கோத்தார். கயிறு அமிழ்ந்து என்ஜினின் சுழல் விசிறியில் சிக்காதிருக்க, நடுவே ஒரு மிதவை. ஏணியிலோ இருக்கையிலோ கட்டுவோரை அவர் மூடரென்றே கூறுவார்.

கயிறு தாழ இருப்பதால் ஒரு குறையுண்டு. பிள்ளை துள்ளி எழும்போது கோபுரக் கயிறு மேல்நோக்கித் தாங்கும். இதுவோ கீழ்நோக்கி இழுத்து விரைவில் நீரில் இறக்கிவிடும். வானில் குட்டிக்கரணம் போட இயலாது. அலையைக் கடந்து மறுபுறம் செல்லலாம், சற்றே துள்ளலாம். தொடங்குவோர்க்கு அதுவே போதும். சிறு படகின் அலை படகை விட்டு விலகுந்தோறும் தேய்வதால், கயிற்றை 50 அடியாகக் குறைத்தார். வேகம் மணிக்கு 16 மைலுக்கு மேற்படவில்லை. அலை பெருக வேண்டுமென்று நீர் நிரப்பிய பைகளை ஏற்றச் சொன்னான் பேரன். படகில் பதித்திருந்த தகட்டைத் தாத்தா சுட்டிக்காட்டினார். எத்தனை பேர், எவ்வளவு எடை என அதில் பொறித்திருந்தது. நம் உடற்பருமனையும் கணக்கிற் கொண்டே அவர் அதைப் படித்தார் என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஓட்டுநர் முன்னோக்க, இன்னொருவர் பின்னோக்கி அமர்ந்து இழுபடுபவரைக் கண்காணித்தல் வேண்டும். அன்றேல் அகன்ற கண்ணாடி பொருத்த வேண்டும். இது அம்மாநிலச் சட்டம். அப்பணி நமக்கு வாய்த்தது. கட்டைவிரல் மேலெனில் வேகம் கூட்டுக, கீழெனில் குறைக்க, தலையைத் தட்டினால் கரைக்குத் திரும்புக; விழுந்தபின் கையை உயர்த்தினால் நலமாயிருக்கிறேன் என்று பொருள். பேத்திக்குப் பன்னிரண்டு வயது. முதல் நாள் முழுவதும் எழுவதும் விழுவதுமாய்க் கழிந்தது. முழங்காலை மடக்கிக் கைகளை நீட்டி அமர்ந்திருந்தால் படகே தூக்கிவிடும். அவளோ கயிற்றைத் தன்பால் இழுத்து இழுத்து மல்லாந்தாள்.

மறுநாள் எழுந்து நின்றாள். அலைக்கு உள்ளேயே நெடுநேரம் சென்றாள். அவ்வேளை விஸ்கான்சின் கரைக் குன்றிலிருந்து வெண்தலைக் கழுகொன்று தாழப் பறந்து, கால்களை நீட்டி நீரைத் தொட்டு, மீனோடு எழுந்தது. நாம் அதனையே நோக்கினோம். பத்து விநாடிக்கு மேல் இராது. ஆனால் மணிக்கு 16 மைல் வேகத்தில், பத்து விநாடியில் படகு 230 அடிக்கு மேல் சென்றுவிடும்.

கயிறு தளர்ந்ததைத் தம் கையாலேயே உணர்ந்து திரும்பியவர் முதியவர்தாம், நாம் அல்லோம். பிடி மட்டும் நீர்மேல் துள்ளிக்கொண்டிருந்தது. வெகு தொலைவில் ஒரு சிறு தலை. உயர்த்திய ஒரு கை. அதை நோக்கிக் கோபுரப் படகொன்று விரைந்து வந்துகொண்டிருந்தது. நாம் எழுந்து நின்று கத்தினோம்; குரல் எழும்பியதா என்பதே நினைவில்லை. அப்படகு அவளைக் கண்டு, வளைந்து விலகிச் சென்றது.

முதியவர் மெல்ல அருகணைந்து, என்ஜினை அணைத்த பிறகே கையை நீட்டினார். நம்மிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் கைகள் நடுங்கின.

சிறுமிக்கோ அச்சமே இல்லை. முகமெல்லாம் மலர, "ஃபாதர், நான் அலையைத் தாண்டினேனே, பார்த்தீர்களா?" என்றாள்.

ஆமென்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். முதியவர் நம்மையே நோக்கியிருந்தார். "இல்லையம்மா, கழுகைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டோம்" என்றோம்.

அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கயிற்றின் பிடியைத் தேடி எடுத்துக்கொண்டு மீண்டும் நீரில் இறங்கினாள். "அப்படியானால் இன்னொரு முறை தாண்டுகிறேன். இம்முறை என்னைப் பாருங்கள்."

முதியவர் நம் முகத்தைப் பார்த்தார். நாம் தலையசைத்த பின்னரே என்ஜினை முடுக்கினார். அன்று மாலை வரை எத்தனை கழுகுகள் பறந்தனவோ, நாம் அறியோம்.