முட்டை நின்றால்தான் எடை ஏறும்

நாமக்கல் பக்கம் முட்டை விலையோடு முட்டைக்கோழி விலையும் செய்தித்தாளில் தினமும் வரும். முட்டைக்குக் காசுக்கணக்கு, கோழிக்குக் கிலோக்கணக்கு. ஏறக்குறைய 80 வார வயதுவரை கூண்டில் நின்று முட்டையிட்டு ஓய்ந்த கோழியை லாரிக்கு ஏற்றும் விலை அது. எடை தேறாத கோழிகளை வியாபாரிகள் கழித்துவிடுவார்கள். ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கும் அக்கா, அப்படிக் கழிபட்டவற்றை வாங்கிவந்து தேற்றுகிறார். பல வருடம் பண்ணைக் கொட்டகையில் தீனி போட்டுப் பழகிய கை. உதவிக்கு மாமியார்.

“நெஞ்சைத் தடவிப் பாருங்க தம்பி” என்று ஒன்றைத் தூக்கி என்னிடம் கொடுத்தார். இறகுக்கடியில் மார்பெலும்பு கத்தி விளிம்பு மாதிரி விரலில் தட்டுப்பட்டது. இருபுறமும் சதை இருக்கவேண்டிய இடத்தில் பள்ளம். கொண்டை வெளுத்து ஒருபக்கம் சரிந்து கிடந்தது. வெள்ளை லெகார்ன் வழிவந்த இந்தக் கோழிகள் நன்றாக இருந்தால் ஒன்றரைக் கிலோவை ஒட்டி நிற்கும். தராசில் இது ஒரு கிலோவைத் தொடவில்லை.

மெலிந்த கோழிதானே, தீனியை அள்ளிக் கொட்டினால் தேறிவிடும் என்றுதான் நினைத்துப் போயிருந்தேன். அங்கே முதல் வேலை தண்ணீர் குடிக்கச் சொல்லித் தருவது. கூண்டுக்குள் தண்ணீர்க் குழாயின் நிப்பிளைக் கொத்திக் குடித்தே வளர்ந்த கோழிக்குத் தட்டில் கிடக்கும் தண்ணீர் பிடிபடுவதில்லை. மாமியார் ஒவ்வொன்றாக மடியில் இடுக்கி, அலகின் நுனியை மட்டும் தட்டில் நனைத்தார். மூக்குத் துளைக்குள் தண்ணீர் போய்விடக் கூடாது. திமிறியதை “பொறு சாமி, பொறு” என்று தட்டிக்கொடுத்தார். அது தலையை உதறியது. கொஞ்சம் யோசித்த மாதிரி நின்றது. பிறகு தானாகக் குனிந்து மொண்டு, அண்ணாந்து விழுங்கியது. பக்கத்தில் நின்றதும் எட்டிப் பார்த்துக் குனிந்தது. ஒன்று கற்றுக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் பார்த்தே கற்றுக்கொள்ளும் என்றார்.

குஞ்சாக இருக்கும்போதே அலகு நுனியை வெட்டிவிடுவதால் தரையில் இறைத்த தானியத்தைப் பொறுக்கவும் இவற்றுக்குச் சரியாக வராது. அதனால் ஆழமான சட்டியில், உடைத்த மக்காச்சோளம், புண்ணாக்கு, தவிடு, கொஞ்சம் கருவாட்டுத்தூள் எல்லாம் ஈரமாகப் பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை வைக்கிறார்கள். சட்டிகளும் தள்ளித் தள்ளி இருக்கின்றன. பல கோழிகள் கூண்டில் மெலிவதே பக்கத்துக் கோழி கொத்தித் தள்ளிவிடுவதால்தான். இங்கேயும் ஒரே சட்டி வைத்தால் அதே கதைதான். இருட்டிய பிறகு அக்கா ஒவ்வொன்றின் கழுத்தடியையும் தொட்டுப் பார்க்கிறார். தீனிப்பை உருண்டு நிறைந்திருந்தால் சாப்பிட்டிருக்கிறது. விடியற்காலையில் அது வற்றியிருக்க வேண்டும், வற்றாவிட்டால் அடைப்பு.

பேனுக்குச் சாம்பலும் மணலும் கலந்த குழி. மண்ணையே பார்க்காத கோழி அதில் இறங்கி, யாரும் சொல்லித்தராமலே புரண்டு குளிக்கிறது. பூச்சிமருந்து கொஞ்சம் தெம்பு வந்த பிறகுதான்.

இதெல்லாம் பாதி வேலை. மீதி, முட்டையை நிறுத்துவது. பண்ணையில் விளக்குப் போட்டு ஒரு நாளைக்குச் சுமார் 16 மணி நேரம் வெளிச்சம் கொடுப்பார்கள். அந்த வெளிச்சம் இருக்கும்வரை, உடம்பு ஒட்டிப்போன கோழிகூட முட்டையிட முயலும். ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் வேண்டும். ஓடு உருவாவது பெரும்பாலும் இரவில். அப்போது தீனியிலிருந்து வருவது போதாமல் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். கூண்டுக்கோழிக்குக் கால் துவள்வதும் எலும்பு முறிவதும் இதனாலும்தான். அக்காவின் கொட்டகையில் பல்பே கிடையாது. பகல் வெளிச்சம் மட்டும் என்று ஆனதும் முட்டை குறைந்து நிற்கிறது, பழைய இறகு கொட்டுகிறது. பார்க்கச் சகிக்காது. முழுக்க மொட்டையான ஒன்றைக் காட்டி, “இதுதான் நல்லா வருது” என்றார். இறகு பெரும்பாலும் புரதம் என்பதால் இந்த நேரத்தில் கருவாட்டுத்தூளைக் குறைப்பதில்லை. மொட்டை உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும், தின்றதெல்லாம் சூட்டுக்கே போய்விடும். அதனால் மழைநாளில் சாக்குப் படுதாவை இறக்கிவிடுகிறார்கள்.

பண்ணைத் தீனியை அப்படியே தொடர்வதும் சரிப்படாது. அதில் சேரும் அளவுக்குச் சுண்ணாம்புச்சத்து, முட்டையிடாத கோழியின் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். கிளிஞ்சல் தனிச் சட்டியில் இருக்கிறது; வேண்டிய கோழி தானே தேடிப்போய்க் கொத்துகிறது.

கோழிகளைக் காப்பாற்றுகிறவர்கள் பலரும் முதல் முட்டையைப் படம்பிடித்துப் பெருமையோடு காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அதில் எனக்கு இப்போது சந்தோஷம் இல்லை. கணக்குப் பார்க்க வேண்டியது மார்பெலும்பின் இருபுறத்தை.

எல்லாம் தேறுவதும் இல்லை. நன்றாகத் தின்றும் மெலிந்துகொண்டே போய், வயிறு மட்டும் உப்பினால், முட்டைக்கரு வழி தவறி வயிற்றுக்குள் விழுந்து சீழ் பிடித்திருக்கலாம். அப்படிப்பட்டதை அக்கா வைத்தியரிடம் கொண்டுபோவார். அநேகமாக அது பிழைக்காது.

தேறியவற்றைத் தோட்டம் வைத்திருப்பவர்கள் வந்து வாங்கிப்போகிறார்கள். நான் இருந்தபோது வந்த ஒருவர் எடுத்த எடுப்பில் கேட்டது, எத்தனை முட்டை போடும் என்று. “ரெண்டு மாசத்துக்கு அதைக் கேக்காதீங்க, கொட்டகையில லைட்டும் போடாதீங்க” என்றார் அக்கா. அவர் சிரித்துக்கொண்டே, யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்தார்.