தெருமுனையில் நின்றவர்கள்

மதுராந்தகத்தில் ஏரிக்கரைக்கும் ஏரி காத்த ராமர் கோயிலுக்கும் இடையே அதிகத் தொலைவில்லை. நாங்கள் பிறந்து வளர்ந்தது அந்த ஊரில்தான். ஆயினும் முப்பது வயதை நெருங்கும்வரை அக்கோயிலின் வாசற்படியை நாங்கள் மிதித்ததில்லை. மிதிக்கக்கூடாது என்பது விதி.

நாங்கள் என்றால் ஓர் அண்ணனும் தங்கையும். இதை இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம். நினைவுகளில் பெரும்பகுதி பொதுவானவை என்பதால் யாருடையது எது என்று பிரித்துச் சொல்லத் தேவையில்லை.

எங்கள் தந்தை 1979இல் ஒரு சிறு சமயக் குழுவில் சேர்ந்தார். அதன் பெயரையோ, அது எந்த மதத்தைச் சார்ந்தது என்பதையோ இங்கே சொல்லப்போவதில்லை. இத்தகைய குழுக்கள் எல்லா மதங்களிலும் உண்டு. பெயரைச் சொல்லிவிட்டால், வாசிப்பவர் ‘அவர்கள் அப்படித்தான்’ என்று ஆறுதலடைந்து அடுத்த பக்கத்துக்குப் போய்விடக்கூடும்.

வெளியாருடன் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணலாகாது. வெளியார் வீட்டுத் திருமணத்துக்கும் சாவுக்கும் போகலாகாது. கதைப் புத்தகம், திரைப்படம், வானொலிப் பாட்டு எதுவும் ஆகாது. பக்கத்து வீட்டார் தரும் பூசைப் பொரி, எதிர்வீட்டார் தரும் கிறிஸ்துமஸ் கேக், பின்தெருவிலிருந்து வரும் பெருநாள் பிரியாணி, மூன்றுமே எங்களுக்குச் சமமாக விலக்கப்பட்டிருந்தன. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நாங்கள் சமரச சன்மார்க்கிகள்.

அங்கே அன்பு இல்லை என்று எழுதினால் அது பொய்யாகும். அம்மா டைஃபாய்டில் படுத்திருந்தபோது ஒரு மாதம் எங்கள் வீட்டு அடுப்பு எரியவில்லை. மூன்று வேளையும் குழுவிலுள்ள ஏதேனும் ஒரு வீட்டிலிருந்து தூக்குவாளி வந்தது. 1991இல் அம்மா இறந்தபோது எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களும் அவர்களே. அந்த அன்பு உண்மையானது. அதற்கு ஒரு விலை இருந்தது என்பதும் உண்மை.

விலை என்னவென்று எங்களுக்கு 1994ஆம் ஆண்டு தை மாதம் தெரிந்தது. அப்பாவின் அக்கா கருங்குழியில் இருந்தார். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு டப்பா முறுக்கைத் தம் மகனிடம் கொடுத்தனுப்புவார். வாங்கி வைக்கும் அப்பா, மறுநாள் அதைத் தெருவில் யாருக்காவது கொடுத்துவிடுவார். அத்தைக்கும் இது தெரியும். “வச்சுட்டு வந்துடு. சாப்பிடறாங்களா இல்லையான்னு நின்னு பாக்காத” என்று மகனிடம் சொல்லியனுப்புவாராம். அந்த அத்தை இறந்துபோனார். அப்பா போகவில்லை.

எழுதுவதற்குக் கூச்சமான வரி அடுத்தது. நாங்களும் போகவில்லை. எங்களுக்கு அப்போது இருபத்து மூன்றும் இருபதும் வயது. யாரும் கட்டிப்போடவில்லை. கருங்குழிக்குப் பேருந்தில் சில நிமிடப் பயணம்தான். பேருந்து நிலையம்வரை போய், நின்று, திரும்பிவந்தோம். பிற்பாடு குழுவின்மேல் எத்தனை குற்றம் சுமத்தியிருந்தாலும், அந்த மாலையை மட்டும் யார் தலையிலும் ஏற்ற எங்களால் முடிந்ததில்லை.

1999இல் வெளியேறினோம். தங்கைக்குக் குழுவின் மூத்தவர் பார்த்த மாப்பிள்ளையைத் தங்கை மறுத்தாள். அண்ணன் அவள் பக்கம் நின்றான். அவ்வளவே. ஒரு கூட்ட நாளில் எங்கள் பெயர்கள் வாசிக்கப்பட்டன. அன்றிலிருந்து குழுவிலுள்ளோர் எங்களுடன் உண்ணவும் பேசவும் கூடாது என்றாயிற்று. அப்பா அதற்குக் கீழ்ப்படிந்தார்.

கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வீடு வாடகைக்குக் கிடைத்தது. விடுதலை இனிக்கும் என்று நினைத்திருந்தோம். கூட்ட நாள் மாலை ஆறு மணியானால் உடம்பு தானாக எழுந்து முகம் கழுவி, தலைவாரி, புறப்பட்டு நிற்கும். போக இடம் இருக்காது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு மறுபடியும் உட்காருவோம். உறவினரை நாங்களே முன்பு உதறியிருந்தோம். குழு இப்போது எங்களை உதறியிருந்தது. இரண்டுக்கும் நடுவே ஊர் முழுக்க மனிதர்கள் இருந்தும் எங்களுக்கென்று ஒருவரும் இல்லை.

வேறொன்றும் நடந்தது. நாங்கள் தலைகீழான ஒரு கட்டுப்பாட்டுக்குள் போனோம். விலக்கப்பட்டவற்றை உண்பதே ஒரு நோன்பாயிற்று. நெற்றியில் எதையேனும் இட்டவரைக் கண்டாலும், கையில் வேதப்புத்தகமோ ஜெபமாலையோ வைத்திருப்பவரைக் கண்டாலும் ஏளனம் செய்தோம். உள்ளே இருந்தபோது வெளியாரை எப்படிப் பார்த்தோமோ அதே பார்வைதான். ஆட்கள் மட்டும் மாறியிருந்தார்கள். இதை உணர எங்களுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின.

உணர்த்தியது ஒரு நாடகம். ஊர் நூலகத்தில் கதை நூல்களை அகரவரிசையில் தின்றுகொண்டிருந்த காலம் அது. இந்திரா பார்த்தசாரதியின் ‘இராமானுஜர்’ கைக்கு வந்தது. அதற்காக அவருக்கு 1999ஆம் ஆண்டின் சரஸ்வதி சம்மான் கிடைத்திருந்தது. நாங்கள் பெயர் வெட்டப்பட்ட ஆண்டு என்பதால் அந்த எண் கண்ணில் பட்டது. படித்து முடித்தபின், இராமானுஜர் வாழ்வில் நம் ஊருக்கும் ஓர் இடம் உண்டென்று நூலகத்துக்கு வரும் முதியவர் ஒருவர் சொன்னார். அடுத்த வாரம் முதன்முறையாக அந்தக் கோயிலுக்குள் நுழைந்தோம். வழிபடச் சென்றோம் என்று சொல்வதற்கில்லை. பார்க்கச் சென்றோம்.

குருபரம்பரை நூல்கள் சொல்லும் வரலாறு பலருக்கும் தெரிந்ததே. 1017இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுஜர், காஞ்சிக்கருகே யாதவப் பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றார். ஒருநாள் ஆசிரியருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கையில், சாந்தோக்ய உபநிடதத்தில் இறைவனின் கண்களுக்குச் சொல்லப்பட்ட உவமையை அவர் குரங்கின் பின்புறத்தோடு பொருத்திப் பொருள் சொன்னார். மாணவரின் கண்ணீர் ஆசிரியரின் தொடையில் விழுந்தது. கதிரவனால் மலர்ந்த தாமரை என்பதே பொருள் என்று மாணவர் வாதிட்டார். பிளவு அங்கே தொடங்கியது. காசி யாத்திரையில் அவரைக் கங்கையில் மூழ்கடிக்கத் திட்டமிட்டதும், தம்பி முறையான கோவிந்தர் எச்சரித்ததும், விந்தியக் காட்டில் வேடுவத் தம்பதியர் வழிகாட்டியதும் அதன் தொடர்ச்சி.

எங்களைப் பிடித்துக்கொண்டது அதற்குப் பிந்தைய பகுதி. பெரிய நம்பியைத் தேடி இராமானுஜர் காஞ்சியிலிருந்து திருவரங்கம் நோக்கிப் புறப்படுகிறார். அதே நேரத்தில் இராமானுஜரை அழைத்துவர அங்கிருந்து பெரிய நம்பி காஞ்சி நோக்கிப் புறப்படுகிறார். இருவரும் சந்தித்துக்கொண்ட இடம் மதுராந்தகம். காஞ்சிக்குப் போய்ச் சடங்குகளை வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையை ஏற்காமல், வாழ்க்கை நிலையற்றது, இங்கேயே ஆகட்டும் என்று இராமானுஜர் வேண்ட, கோயிலின் மகிழ மரத்தடியில் அவருக்குப் பஞ்ச சம்ஸ்காரம் நடந்தது. பிற தலங்களில் காவியுடையில் காணும் இராமானுஜரை இங்கே இல்லறத்தாராக வெள்ளுடையில் காணலாம்.

புறப்பட்ட இடமும் ஆகாமல், சேர வேண்டிய இடமும் ஆகாமல், நடுவழியில் இருக்கும் ஊர் எங்களுடையது என்பது அன்று புரிந்தது. விட்டுவந்தவன் எவ்வளவு தூரம் நடந்தாலும் போதாது. மறுபக்கத்திலிருந்து ஒருவர் நடந்துவர வேண்டியிருக்கிறது.

அதே கோயிலில் தாயார் சன்னதியில் 1790களில் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸின் பெயர் கல்லில் இருக்கிறது. ஏரி உடையும் தறுவாயிலிருந்த ஒரு மழை இரவில், கரையின்மேல் வில்லேந்திய இருவர் காவல் நிற்கக் கண்டு அவர் அச்சன்னதியைக் கட்டிக்கொடுத்தார் என்பது ஊர்க்கதை. கதையை நம்பவேண்டும் என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை. வேற்று மதத்து, வேற்று நாட்டு ஆளின் பெயருக்கு ஒரு கல்லில் இடம் கொடுத்திருக்கிறார்கள் என்பதே எங்களுக்கு அப்போது வேண்டியதாயிருந்தது.

இராமானுஜர் கதையில் உறுத்தும் பகுதிகளும் உண்டு. பிராமணரல்லாத திருக்கச்சி நம்பியை இராமானுஜர் வீட்டுக்கு உண்ண அழைத்தார். அவர் உண்டு சென்ற இடத்தை மனைவி தஞ்சமாம்பாள் கழுவித் தூய்மை செய்தார் என்பர். அந்தக் கழுவலை நாங்கள் அறிவோம். எங்கள் வீட்டிலும் வெளியாருக்கென்று தனித் தம்ளர் இருந்தது. ஆனால் இறுதியில் அந்த மனைவி பிறந்தகம் அனுப்பப்பட்டதும், இராமானுஜர் துறவு பூண்டதும் எங்களுக்கு எளிதில் செரிக்கவில்லை. பழக்கத்தின் பிடியில் இருந்த ஒருவருக்குக் காத்திருக்க அவருக்கு நேரமில்லாமற்போயிற்று என்று தோன்றியது. அப்பாவை நினைத்துக்கொண்டோம்.

அதே இராமானுஜரிடம், பிற்காலத்தில் யாதவப் பிரகாசரே வந்து சீடரானார், கோவிந்த ஜீயர் என்று பெயர் பெற்றார் என்றும் அந்நூல்கள் சொல்கின்றன. கொல்ல நினைத்தவருக்கும் கதவு திறந்திருந்தது.

இப்படி விட்டுவந்தோர் கதைகளைத் தேடிப் படிப்பது பழக்கமாயிற்று. சமணத்தில் தருமசேனராய் இருந்த நாவுக்கரசர் சூலைநோயோடு திரும்பியபோது, திருவதிகையில் தமக்கை திலகவதியார் இருந்தார். ஆம்ஸ்டர்டாம் யூத சமூகம் 1656 ஜூலை 27 அன்று இருபத்து மூன்று வயது ஸ்பினோசாவை விலக்கியது. நான்கு முழத்துக்குள் எவரும் அவரை நெருங்கலாகாது என்பது ஆணை. அவர் வேறெந்தச் சபையிலும் சேரவில்லை. ஆனால் தனித்தும் இருக்கவில்லை. தலைமைக் குருவென்று எவருமின்றிக் கூடிப்பேசும் கிறித்தவ நண்பர்கள் சிலர் அவருக்கு இருந்தார்கள். இன்னொரு கூட்டத்தில் போய் ஒட்டிக்கொள்ளாமலேயே மனிதரோடு இருக்கலாம் என்பதை அவரிடம் கற்றோம்.

2011இல் அப்பா இறந்தார். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. ஓடினோம். குழுவினர் தெருமுனையிலேயே நிறுத்தினார்கள். கோபமாகப் பேசவில்லை, கைகூப்பித்தான் நிறுத்தினார்கள். உள்ளே அவருடைய கடைசி விருப்பப்படி எல்லாம் நடப்பதாகச் சொன்னார்கள். வெயிலில் நின்றோம்.

அரைமணி நேரத்தில் கருங்குழியிலிருந்து அத்தையின் மகன்கள் இருவரும் மனைவிமாரோடு வந்து இறங்கினார்கள். மூத்தவர் கையில் மாலை. அவர்களையும் நிறுத்தினார்கள். அவர் எதுவும் வாதிடவில்லை. எங்கள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். “தாய்மாமன் சாவு. நாங்க வராம வேற யாரு வருவாங்க?” என்றார் எங்களிடம். பதினேழு ஆண்டுகளுக்கு முன்பு அவர் தாயின் சாவுக்கு நாங்கள் வரவில்லை. அதே மனிதர் மூன்று மணி நேரம் அந்த மாலையைக் கீழே வைக்காமல் நின்றார். வண்டி எங்களைக் கடந்து போனது. மாலையைத் தெருமுனைச் சுவர்மேல் வைத்துவிட்டு வந்தோம்.

நேரே கருங்குழிக்கு அழைத்துப்போனார்கள். குளித்தோம். கூடத்தில் வரிசையாக இலை போட்டிருந்தது. உட்கார்ந்தபின் உண்ண முடியவில்லை. 1994 பற்றி எப்படியோ கேட்டுவிட்டோம். மூத்தவர் இலையைப் பார்த்தபடியே சொன்னார்: “அம்மா போறதுக்கு முந்தியே சொல்லிடுச்சு. அவங்களால வர முடியாது, கோவிச்சுக்காதீங்கன்னு.” பிறகு சாதம் போடச் சொன்னார்.

பார்வை தெளிவது, சுற்றம் கிடைப்பது என்றெல்லாம் சொல்கிறார்களே, எங்களுக்கு அவை இரண்டும் ஒரே இலையில் பரிமாறப்பட்டன. யார் எங்களை நிறுத்தினார் என்பதையே எண்ணிக்கொண்டிருந்த நாங்கள், யார் எங்களோடு நின்றார் என்று எண்ணத் தொடங்கியது அன்றுதான்.

இப்போது அந்தக் குழுவிலிருந்து எப்போதாவது ஓர் இளைஞனோ பெண்ணோ எங்களைத் தேடி வருவதுண்டு. கரையோரம் நடந்தபடி பேசுவோம். அறிவுரையாகச் சொல்வது மிகக் குறைவு. அவசரப்பட்டு வெறுக்கவேண்டாம், அவசரப்பட்டு இன்னொரு குருவைத் தேடவும் வேண்டாம், சாப்பிடாமல் மட்டும் போகவேண்டாம் என்போம்.

குழுவில் இன்னும் நான்கைந்து முதியவர்கள் இருக்கிறார்கள். அம்மா படுத்திருந்தபோது தூக்குவாளி கொண்டுவந்தவர்கள். தீபாவளிக்கு முதல்நாள் அவர்கள் வீட்டுத் திண்ணைகளில் ஆளுக்கொரு டப்பா முறுக்கு வைத்துவிட்டு வருகிறோம். அவர்கள் அதைச் சாப்பிடுகிறார்களா என்று நின்று பார்ப்பதில்லை.